கணக்கில் வராத கொல்லை

நெடுநல்வாடை என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பாண்டியனின் பாசறையும், அவனைப் பிரிந்து அரண்மனைக் கட்டிலில் கிடக்கும் அரசியும்தான். அந்த இருவரிடமும் போய்ச் சேருவதற்கு முன் நக்கீரர் சாதாரணமான இரண்டு காட்சிகளைக் கடந்துபோகிறார். மழை நின்ற புதர்களில் முசுண்டை வெள்ளையாகவும் பீர்க்கு மஞ்சளாகவும் பூத்திருக்கின்றன. பிறகு, ஊருக்குள் பெண்கள் பிச்சி அரும்புகளைப் பறித்துத் தட்டில் வைத்திருக்கிறார்கள். வானம் மூடிக்கிடப்பதால் பொழுது சாய்ந்ததா இல்லையா என்று தெரியவில்லை. அரும்பு விரிந்து மணம் வந்ததும் மாலை வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டு, இரும்பு விளக்கில் திரி ஏற்றி, நெல்லும் பூவும் தூவிக் கும்பிடுகிறார்கள்.

உரையாசிரியர்கள் கூதிர் என்று ஐப்பசி, கார்த்திகையையும், முன்பனி என்று மார்கழி, தையையும் குறித்தார்கள். இலை உதிர்ந்து மரம் மொட்டையாகும் இலையுதிர்காலம் நம்முடையது அல்ல. இங்கே அந்த மாதங்களில்தான் வேலியும் பந்தலும் கூரையும் கொடியால் மூடப்படுகின்றன. பூவும் காயும் ஒரே கொடியில் ஒன்றாக இருக்கும் காலம் இது. வீட்டின் பின்பக்கத்தில் இந்த நான்கு மாதங்களில் என்ன விளைந்தது, யார் பறித்தார்கள், அது யாருடைய கணக்கில் சேர்ந்தது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறேன். காவிரிப் படுகையை மனதில் வைத்து எழுதுகிறேன். அங்கே கொல்லை என்றால் வீட்டின் பின்புறம். விழுப்புரம் பக்கம் போனால் அதே சொல்லுக்குப் புன்செய் வயல் என்று பொருள்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்ற சொலவடை வயலுக்கு மட்டும் சொன்னது அல்ல. ஆடியில் ஊன்றிய அவரை, பீர்க்கு, சுரை, புடல், பாகல், பரங்கி விதைகள் ஆவணி, புரட்டாசியில் பந்தல் ஏறும். பீர்க்கும் புடலும் ஐப்பசியிலேயே காய்க்கத் தொடங்கிவிடும். அவரைக்கு மட்டும் அவசரமே கிடையாது. நாட்டு அவரை பகல் குறுகினால்தான் பூக்கும். நம்மூரில் கோடையின் நீண்ட பகலுக்கும் மார்கழியின் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். அந்தச் சிறு வித்தியாசத்தைக் கொடி கண்டுகொள்கிறது. ஆடியில் போட்டாலும் வைகாசியில் போட்டாலும் ஐப்பசி கடைசியில்தான் பூங்கொத்து நீட்டும். முன்னதாகவே போட்டால் இலைதான் மண்டும். இதனால் பகலின் நீளத்தைப் பொருட்படுத்தாத குத்து அவரை ரகங்களை வேளாண்மைப் பல்கலைக்கழகம் பிற்பாடு உருவாக்கியது. பந்தல் போட இடமில்லாதவர்களுக்கும் சந்தைக்கு விளைவிப்பவர்களுக்கும் அது உதவிற்று. ஆனால் வீட்டுக்கு வேண்டியிருந்தது வருஷம் முழுக்க காய்க்கும் அவரை அல்ல, சரியாக மார்கழியில் காய்க்கும் அவரை.

காரணம் நெல். ஒருபோக சம்பா நிலத்தில் அறுவடை தையில். ஐப்பசி, கார்த்திகைக்குள் போன வருஷத்து நெல் குதிரின் அடிக்கு வந்திருக்கும். நடவு முடிந்துவிட்டது, களை எடுத்தாயிற்று, இனி அறுப்பு வரை கூலி வேலையும் குறைவு. போதாததற்கு அடைமழை. கீரைப் பாத்தி அழுகிப்போகும், வெளியே போய் எதையும் வாங்கிவர முடியாது. வயல் எதுவும் தராத அந்த இடைவெளியில்தான் பந்தல் காய்க்கிறது. சோறு குறையும்போது காயை மிகுத்துக் குழம்பு வைக்கலாம். பீர்க்கங்காயில் சதையைக் கூட்டுக்கும் தோலைத் துவையலுக்கும் பிரித்தால் ஒரு காய் இரண்டு வேளைக்கு வரும். பரங்கியின் இளம் இலை, பூ, பிஞ்சு, காய், விதை என்று எதையும் வீசவேண்டியதில்லை. அவரைப் பிஞ்சைப் பொரியலுக்கு எடுத்து, முற்றியதை உரித்துப் பருப்பாக்கிக் குழம்பில் போடலாம். வீட்டுச் சமையலின் சிக்கனம் என்று நாம் பாராட்டும் பல பக்குவங்கள் இந்த இரண்டு மூன்று மாதப் பற்றாக்குறையைத் தாண்டுவதற்குப் பெண்கள் கண்டுபிடித்தவை. பற்றாக்குறை மறந்துபோய், பக்குவம் மட்டும் 'பாரம்பரிய ருசி' என்று மிஞ்சியிருக்கிறது.

பந்தலுக்கும் வேலை உண்டு. பனி இறங்கியதும் அவரைக் கொத்தில் அசுவினி அப்பும். விடியற்காலையில், இலையில் ஈரம் இருக்கும்போதே, அடுப்புச் சாம்பலைத் தூவவேண்டும். வெயில் வந்த பிறகு தூவினால் ஒட்டாது. வாசல் தெளித்துக் கோலம் போடுவதும் அதே நேரம், பால் கறப்பதும் அதே நேரம். மார்கழி விடியலில் வீட்டுப் பெண்ணுக்கு எத்தனை கைகள் தேவைப்பட்டன என்று எண்ணிப் பார்க்கலாம்.

அந்த மார்கழி விடியலைப் பற்றி ஒரு பெண்ணே எழுதியது நம்மிடம் இருக்கிறது. திருப்பாவையில், எல்லோரையும் நானே வந்து எழுப்புகிறேன் என்று வாய்வீச்சு வீசிவிட்டுத் தூங்கிக்கொண்டிருக்கும் தோழி ஒருத்தியை மற்றவர்கள் போய் எழுப்புகிறார்கள். விடிந்துவிட்டது என்பதற்கு ஆண்டாள் காட்டும் முதல் சாட்சி அந்த வீட்டின் புழைக்கடைத் தோட்டம். அங்கே சிறு குளத்தில் செங்கழுநீர் விரிந்துவிட்டது, ஆம்பல் கூம்பிவிட்டது. கோயிலுக்குப் போகும் துறவிகள் அதற்கு அடுத்துத்தான் வருகிறார்கள். நாம் பேச்சில் சொல்லும் புழக்கடை அவள் எழுதிய புழைக்கடைதான். புழை என்றால் சிறு வாயில். நக்கீரரின் பெண்களுக்குப் பிச்சி மாலையைச் சொன்னது, ஆண்டாளின் பெண்களுக்குச் செங்கழுநீர் காலையைச் சொல்கிறது. பெண்களின் வேலைநேரம் தொடங்கும் கணத்தையும் முடியும் கணத்தையும் பூக்கள் அறிவித்தன என்பதை அழகு என்று மட்டும் படித்துவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. பூ விரிந்தால் எழுந்திருக்கவேண்டும் என்பதுதானே அதன் பொருள்.

ஆனால் எல்லாப் பெண்களுக்கும் புழைக்கடையில் குளம் இருந்ததா? சிறுபாணாற்றுப்படையில் வேறொரு வீடு வருகிறது. கூரை இற்று விழுந்த சமையலறை. குட்டி போட்ட நாய்க்குப் பால் சுரக்கவில்லை. அந்த வீட்டுப் பெண் குப்பைமேட்டில் தானாக முளைத்த வேளைக் கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்பில்லாமல் வேகவைத்து, அக்கம்பக்கத்தார் பார்த்துவிடுவார்களோ என்று கதவைச் சாத்திவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள். நல்லியக்கோடனின் கொடையைப் பெரிதாக்கிக் காட்டத்தான் புலவர் நத்தத்தனார் இந்த வறுமையை வைத்தார் என்பது சரி. இருந்தாலும் அவர் கவனித்திருக்கும் விவரம் பெரியது. அவளுக்குக் கொல்லை இல்லை, குப்பைமேடுதான் இருக்கிறது. கீரையும் அவள் விதைத்தது அல்ல. பசியைவிட, பிறர் கண்ணில் படுவதுதான் அவளுக்கு அவமானமாக இருக்கிறது.

இலக்கியம் இவ்வளவாவது சொல்கிறது. கணக்கு நூல்கள் எதுவும் சொல்வதில்லை. அதற்குக் காரணமும் அந்த நூல்களிலேயே இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் வெட்டுவித்த கல்வெட்டுகள் சோழ அரசின் நிலக்கணக்குத் திறமைக்குச் சான்றாகக் காட்டப்படுபவை. கோயிலுக்கு நெல் அளக்கவேண்டிய ஊர் ஒவ்வொன்றிலும் நிலம் எவ்வளவு என்று முந்திரி, கீழ்முந்திரி வரையான நுண்ணிய பின்னங்களில் அவை சொல்கின்றன. சொல்லும்போது ஒரு பட்டியலைக் கழித்துவிடுகின்றன. ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊடறுத்துப் போகும் வாய்க்கால்கள், பறைச்சேரி, கம்மாணசேரி, சுடுகாடு. இவற்றுக்கு இறை கிடையாது. வீடும் வீட்டை ஒட்டிய கொல்லையும் இருந்தது இந்த நத்தத்தில்தான். முந்திரி வரை அளந்த அரசு, அவரைப் பந்தல் இருந்த இடத்தைச் சுடுகாட்டோடு சேர்த்து ஒதுக்கி வைத்தது. இதே கோயிலின் இன்னொரு கல்வெட்டு 400 தளிச்சேரிப் பெண்களை, எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்ற விவரத்தோடு, பெயர் சொல்லிக் குறித்திருக்கிறது என்பதையும் மறக்கக்கூடாது. அரசுக்கு வேண்டிய பெண்களை எழுத அதற்குத் தெரிந்திருந்தது. அந்த வீடுகளின் பின்பக்கம் அதற்குத் தேவைப்படவில்லை.

எண்ணூறு ஆண்டுகள் கழித்து ஆங்கிலேயரின் ரயத்துவாரி வந்தபோதும் இந்தப் பிரிவினை மாறவில்லை. நன்செய், புன்செய் என்று தரம் பிரித்து வரி போட்டவர்கள் கிராம நத்தத்தைப் பொதுவாக வரியில்லாமல் விட்டார்கள். செட்டில்மெண்ட் பதிவேட்டில் ஒரு ஊரின் மண் வகை தெரியும், பாசன ஆதாரம் தெரியும். கொல்லையில் என்ன இருந்தது என்று தெரியாது.

இந்த விடுபடலால் பெண்களுக்கு ஒரு லாபமும் இருந்தது. கணக்குப்பிள்ளை எட்டிப் பார்க்காத இடத்தை வீட்டு ஆண்களும் அதிகம் எட்டிப் பார்க்கவில்லை. வயல் வரவு ஆணின் கையில். கொல்லைக் காய், கோழிமுட்டை, மோர், வெண்ணெய் விற்ற காசு பெண்ணின் அஞ்சறைப் பெட்டியில். சிறுவாடு என்று அதற்குத் தனிப் பெயரே உண்டு. கணவனுக்குத் தெரியாமல் சேர்ப்பது என்ற கிண்டல் அந்தச் சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் பள்ளிக்கூடச் செலவு, பிரசவச் செலவு, பிறந்த வீட்டுக்குப் போகும் வண்டிச் செலவு என்று எத்தனையோ காரியங்கள் அதில்தான் நடந்தன. பக்கத்து வீட்டுக்கு ஒரு சுரைக்காயைக் கொடுத்தனுப்ப யாரிடமும் கேட்கவேண்டியதில்லை. குடும்பச் சொத்தில் ஒரு பெண் தன் விருப்பப்படி எடுத்துக்கொடுக்க முடிந்த பொருள் வேறு என்ன இருந்தது?

ஆனாலும் கொல்லையைப் பெண்களின் சொர்க்கம் என்று வர்ணிக்கும் எழுத்துகளைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. ஏனெனில் புழக்கடை இன்னொரு கதவும்கூட. வாசல்வழி வரக்கூடாது என்று சொல்லப்பட்டவர்கள் வந்த வழி அது. மிராசுதார் வீட்டில் மாட்டுக்கொட்டில் கூட்டி, நெல் குத்தி, தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்த தலித் பெண்கள் கொல்லைப்புறமாக வந்து, கொல்லையிலேயே நின்று, கொடுத்ததை வாங்கிக்கொண்டு கொல்லைப்புறமாகத் திரும்பினார்கள். எடுப்புக் கக்கூஸ் இருந்த தெருக்களில் மலம் அள்ள வந்தவர்களுக்கும் பின்பக்கச் சந்துதான். வீட்டுக்காரிக்கு அடுப்படியிலிருந்து வெளியே வர ஒரு வழி கொடுத்த அதே கொல்லை, வேலைக்காரிக்கு அதற்குமேல் வரக்கூடாது என்ற எல்லையாக இருந்தது. பந்தலுக்கு மண் அணைத்தவளும் காய் பறித்தவளும் பல வீடுகளில் ஒருத்தி அல்ல.

தஞ்சையில் பண்ணையாள் குடும்பங்களின் குடிசை நின்ற மனையே பெரும்பாலும் மிராசுதாருடையது. கூலியைப் பற்றி வாய் திறந்தால் குடிசையைப் பிரிக்கச் சொல்லிவிடலாம். நாளைக்கு இருப்போமா என்று தெரியாத மண்ணில் எத்தனை பேர் முருங்கைக் கொம்பு நடுவார்கள்? கொடியாவது மூன்று மாதத்தில் காய்க்கும். மரத்துக்கு அதைவிடக் கூடுதல் காலம் வேண்டும். குடியிருப்பிலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்கும் சட்டம் 1961இல்தான் வந்தது. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று, மார்கழி மாதத்தில், 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். குடியிருப்பு மனையை அதில் வசிக்கும் விவசாயத் தொழிலாளிக்கே சொந்தமாக்கும் சட்டம் 1971இல் வந்தது. வீடு நின்ற இடத்தோடு, வீட்டை அனுபவிக்கத் தேவையான ஒட்டிய இடத்தையும் குடியிருப்பு என்ற சொல்லுக்குள் அந்தச் சட்டம் சேர்த்தது. அந்த ஒட்டிய இடம்தான் கொல்லை. தமிழ்நாட்டுக் கொல்லையின் வரலாற்றில் எந்தப் பூவின் வருகையையும்விட இந்த வரையறை பெரிய நிகழ்ச்சி என்று நான் நினைக்கிறேன்.

பூவின் வருகையைப் பற்றியும் சொல்லவேண்டும். மார்கழிக் கோலத்தின் நடுவே சாண உருண்டையில் செருகும் மஞ்சள் பூவை ஆதிகாலத்து வழக்கம் என்றே பலரும் நம்புகிறோம். டெல்டாவில் அது பெரும்பாலும் பரங்கிப்பூ. தென்மாவட்டங்களில் இதே காயைப் பூசணி என்கிறார்கள். பரங்கி அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துக்கீசியர் வந்த பிறகே நமக்குக் கிடைத்தது, அந்த வரலாற்றைப் பெயரிலேயே தாங்கியிருக்கிறது. ஆக, இந்தப் பூ கோலத்தில் ஏறி ஐந்நூறு ஆண்டுகள்கூட ஆகியிருக்க முடியாது. ஆண்டாள் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. அதற்கு முன் சாம்பல்பூசணியின் பூவோ பீர்க்கம்பூவோ அந்த இடத்தில் இருந்திருக்கலாம், இரண்டும் மஞ்சள்தான். மிளகாயும் இப்படித்தான் வந்தது. கடல்கடந்து வந்த அன்னியச் செடி ஒன்றைத் தீட்டு, தெய்வக்குற்றம் என்று தள்ளாமல் வாசலின் மையத்தில் வைத்தது சாத்திரம் படித்தவர்கள் அல்ல.

அந்தப் பூவைப் பறிப்பதிலும் ஒரு கணக்கு உண்டு. பரங்கிக் கொடியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. நீண்ட காம்போடு வெறுமனே நிற்பது ஆண்பூ. அடியில் சுண்டைக்காய் அளவுப் பிஞ்சோடு இருப்பது பெண்பூ. ஆண்பூ முதலில் வரும், நிறைய வரும். கோலத்துக்குப் பறிக்கப் போகும் பெண்குழந்தையிடம் பிஞ்சுள்ள பூவைத் தொடாதே என்றுதான் முதலில் சொல்லுவார்கள். ஒன்றிரண்டு ஆண்பூவைக் கொடியில் விட்டுவிட்டு மற்றதைப் பறித்தால் காய்ப்பு குறையாது. தாவரங்களுக்குப் பால் உண்டு என்பதைச் சோதனை செய்து ஐரோப்பாவில் கமெராரியஸ் எழுதியது 1694இல். அவர் பெயர் பாடப்புத்தகத்தில் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். கோலத்துப் பூவை எங்கே கிள்ளவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவளின் அறிவை மட்டும் 'கைப்பக்குவம்' என்று சொல்லி முடித்துவிடுகிறோம். வாடிய பூவோடு அந்தச் சாணத்தை வறட்டியாகத் தட்டிக் காயவைத்து, தையில் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் சிறுமிகள் சிறுவீட்டுப் பொங்கல் வைத்து ஆற்றில் விடுவார்கள். பயிரிடுவதையும் சமைப்பதையும் வீடு நடத்துவதையும் விளையாட்டாகவே சிறுமிகளின் தலையில் ஏற்றிவிடும் சடங்காகவும் அது இருந்தது என்பதைச் சேர்த்தே சொல்லவேண்டும்.

சுதந்திரத்துக்குப் பின் அரசு கொல்லைப் பக்கம் ஒருவழியாகத் திரும்பிப் பார்த்தது. 1960களில் யுனிசெப் போன்ற அமைப்புகளின் உதவியோடு நடந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில் மாதர் சங்கங்கள் வழியாகக் காய்கறித் தோட்டம் போடச் சொல்லிக்கொடுத்தார்கள். தெரிந்தவர்களுக்கே பாடம் நடத்தினார்கள் என்று சிரிக்கலாம். ஆனால் கொல்லையே இல்லாதிருந்த குடும்பங்களுக்குப் பப்பாளிக் கன்றும் கீரை விதையும் கிடைத்தது வீண் அல்ல.

புள்ளிவிவரம் என்ன செய்தது என்பதுதான் விசித்திரம். தேசிய மாதிரி ஆய்வில் ஒவ்வொருவரின் வேலைக்கும் ஒரு எண் உண்டு. வீட்டுவேலை மட்டும் செய்கிறவருக்கு 92. வீட்டுவேலையோடு குடும்பத்தின் பயன்பாட்டுக்காகக் காய், கிழங்கு, விறகு, தீவனம் சேகரிப்பதும் தைப்பதும் நெய்வதும் செய்கிறவருக்கு 93. இந்த இரண்டு எண்ணில் உள்ள பெண்களிடம் கூடுதலாகச் சில கேள்விகள் கேட்டார்கள். வீட்டுக் காய்கறித் தோட்டத்தைப் பராமரிக்கிறீர்களா என்பது அவற்றில் ஒன்று. ஆம் என்று சொன்னாலும் எண் மாறாது. 92, 93 இரண்டுமே உழைப்பாளர் தொகைக்கு வெளியே. இதற்கு நடுவில், 1993இல் உலக நாடுகள் திருத்திக்கொண்ட தேசியக் கணக்கு விதிகளின்படி, வீட்டு உபயோகத்துக்கு விளைவித்த காய்கறியின் மதிப்பு நாட்டின் உற்பத்தியில் சேரும். அவரைக்காய் கணக்கில் உண்டு, அதை விளைவித்தவள் உழைப்பாளி அல்ல. இராசராசனின் கல்வெட்டாவது இரண்டையும் விட்டுவிட்டது.

எங்கள் வீட்டுக்கும் ஒருமுறை கணக்கெடுக்க வந்தார்கள். அம்மா திண்ணையில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். என்ன வேலை செய்றீங்கம்மா என்று கேட்டதற்கு, "என்ன வேலை, சும்மாதான் தம்பி இருக்கேன்" என்றார். வந்தவர் எழுதிக்கொண்டார். போகும்போது அவருக்கு ஒரு பை பீர்க்கங்காய் கொடுத்தனுப்பினார்.

அம்மாவுக்குக் கல்யாணம் ஆனது 1984இல். தமிழ்நாட்டில் மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சமபங்கு கொடுத்த திருத்தம் 1989 மார்ச் 25 முதல் அமலுக்கு வந்தது. அதற்கு முன் திருமணமான பெண்களுக்கு அது பொருந்தாது என்று சட்டத்திலேயே எழுதியிருந்தது. 2005இல் மத்தியத் திருத்தம் வந்தபோது மாமாக்கள் பாகம் பிரித்து, பதிவும் செய்து முடித்திருந்தார்கள். பிறந்த வீட்டு மண்ணில் அம்மாவுக்கு ஒரு குழிகூட இல்லை. புகுந்த வீட்டுக் கொல்லையும் தாத்தா பெயரில் இருந்து அப்பா பெயருக்கு வந்தது.

அம்மா தன் வீட்டிலிருந்து கொண்டுவந்தது விதை. கொல்லையில் விளைந்ததில் மகளுக்குக் கொடுக்க யாரையும் கேட்கவேண்டாத பொருள் அது. தை கடைசியில் பந்தலின் உச்சியில் நாலைந்து கொத்தைப் பறிக்காமல் விட்டுவிடுவார். நெற்று சலசலக்கும்வரை காயவிட்டு, உடைத்து, பூச்சி அரித்ததைப் பொறுக்கிப்போட்டு, மீதியைச் சாம்பலில் புரட்டிச் சுரைக்குடுக்கையில் போட்டு அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிடுவது வழக்கம். புகை படுவதால் வண்டு வராது. கேஸ் அடுப்பு வந்த பிறகு புகை இல்லை. இப்போது ஹார்லிக்ஸ் பாட்டிலில், சாம்பலோடு, பரணில் இருக்கிறது. என் சித்திகள் இரண்டு பேர் கொல்லையிலும் அத்தை மகள் வீட்டு மாடியிலும் அதே அவரைதான். ஊதாப் பூ, காயின் ஓரத்தில் ஊதாக் கோடு. கார்த்திகை தீபத்தன்று யார் வீட்டில் முதலில் பூத்தது என்று போனில் கேட்டுக்கொள்வார்கள்.